அணைத்துப் பார்த்தல்

அணையாமல் காக்கப்படும் சுடரைத் தெய்வத்தன்மை உடையதாகக் கருதி வந்த ஒரு மரபில், அந்தச் சுடரை ஒருவர் வேண்டுமென்றே அணைத்துப் பார்ப்பது எப்போது அறமாகும் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினா. கேட்ட அளவில் இது கோயில் கருவறையைப் பற்றிய வினாவாகத் தோன்றும். ஆனால் இன்றைய கொங்கு நாட்டில் இது கூர்மை பெறும் இடங்கள் வேறு: கோவையின் தெருமுனை பேக்கரிகளில் உள்ள எரிவாயு அவன்கள், திருப்பூரில் துணி பதனிடும் ஆலைகளின் பர்னர்கள், பழைய வகை கேஸ் கீசர்கள், ஊர்தோறும் வந்துவிட்ட எரிவாயு தகன மேடைகள். இவற்றில் பெரிய சுடருக்குத் துணையாக எரியும் விரல்நுனி அளவான சிறு சுடரைத் தொழிலில் உள்ளவர்கள் பைலட் என்பார்கள். பெரிய பர்னருக்கு வாயு திறக்கப்படும் கணத்தில் அதைப் பற்றவைப்பதற்காக அருகே காத்திருக்கும் சுடர் அது. அது இல்லாதபோது வாயு திறந்தால், பற்ற இடமில்லாத வாயு அறைக்குள் தேங்கி, பின்னர் ஏதோ ஒரு சுவிட்சின் பொறியில் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும்.

ஒரு தீயிலிருந்து மற்றொரு தீயை ஏற்றுவதற்காக முதல் தீயை எப்போதும் காத்து வைப்பது மிகப் பழைய ஏற்பாடு. சங்க நூல்கள் முத்தீ என்று சொல்லும் மூன்று வேள்வித் தீக்களில் காருகபத்தியம் இல்லறத்தார் அணையாமல் பேண வேண்டிய தீ. வேள்விக்குரிய ஆகவனீயத் தீ அதிலிருந்து எடுத்து ஏற்றப்படுவது. அமைப்பை மட்டும் பார்த்தால் காருகபத்தியத்தைப் பைலட் என்றும் ஆகவனீயத்தை முதன்மை பர்னர் என்றும் சொல்லிவிடலாம். காருகபத்தியம் அணைந்துபோனால் கழுவாய் செய்து, அரணிக் கட்டையைக் கடைந்து மீண்டும் தீ எழுப்ப வேண்டும் என்று சடங்கு நூல்கள் விதித்தன. தீ அணையக்கூடியது என்பதை அம்மரபு மறைக்கவில்லை. அணைந்தால் என்ன செய்வது என்பதற்கும் அது முறை வகுத்து வைத்திருந்தது.

தமிழகக் கோயில்களின் நந்தா விளக்கு இன்னும் தெளிவான சான்று. நந்துதல் என்றால் கெடுதல், அவிதல். நந்தா விளக்கு எனில் அவியாத விளக்கு. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள் கொடையாக அளிக்கப்பட்டு, அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டிருந்தார். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டுகள் இட்ட பெயர் சாவா மூவாப் பேராடு, அதாவது சாவும் மூப்பும் இல்லாத பெரிய ஆடுகள். ஆடு சாகும் என்பது இடையருக்குத் தெரியாததன்று. ஆயினும் செத்தவற்றுக்கும் முதிர்ந்தவற்றுக்கும் ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டும் என்பதால், மந்தை என்ற நிலையில் அவற்றுக்குச் சாவு இல்லை. விளக்கின் அணையாமைக்கும் இதே இலக்கணம்தான். திரி மாறுகிறது, நெய் தீர்கிறது, அளப்பவர் தலைமுறை மாறுகிறார். மாற்ற வேண்டியதை வேளை தவறாமல் மாற்றுகிற கையால் அணையாமை நிலைக்கிறது. வடலூரில் 1867 மே 23 அன்று வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச் சாலையின் அடுப்பு இன்றும் அணையா அடுப்பு என்று வழங்குவதும் இப்பொருளில்தான். பசித்தவருக்குச் சோறு ஆக்கும் வேலை நாள்தோறும் நடப்பதால் அந்தத் தீ காக்கப்படுகிறது.

இம்மரபில் வளர்ந்த மனத்துக்கு, எரிகிற சுடரை வலியப் போய் அணைப்பது உவப்பானதாக இராது. மாலையில் ஏற்றிய விளக்கை வாயால் ஊதி அணைக்கக் கூடாது என்றும், பூவால் ஒற்றியோ திரியைப் பின்னுக்கு இழுத்தோ மலையேற்ற வேண்டும் என்றும் கொங்கு வீடுகளில் இன்னமும் பெண்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். அணைந்தது என்னும் சொல்லையே தவிர்த்து, விளக்கு மலையேறியது அல்லது குளிர்ந்தது என்பது வழக்கு. பைலட் பர்னரின் சோதனையோ அணைத்துப் பார்ப்பதையே மையமாகக் கொண்டது. ஏன் அப்படி என்பதை அறிய அதன் உள்ளமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

சிறு சுடரின் வாயருகே, அதன் நீல நாக்கு தழுவும்படியாக, பென்சில் கனத்துக்கும் குறைவான ஓர் உலோகக் குச்சி நிற்கிறது. இதன் பெயர் தெர்மோகப்பிள், அதாவது வெப்ப இரட்டை. இருவேறு உலோகங்களை ஒரு முனையில் இணைத்து அம்முனையைச் சூடாக்கினால், சூடான முனைக்கும் குளிர்ந்த முனைக்கும் இடையே சிறிதளவு மின்னழுத்தம் பிறக்கும் என்னும் இயல்பின் மேல் அது அமைந்தது; 1821ஆம் ஆண்டில் தாமஸ் சீபெக் கண்டறிந்த இயல்பு இது. இவ்வாறு பிறக்கும் மின்னழுத்தம் ஏறத்தாழ 30 மில்லிவோல்ட், அதாவது டார்ச் விளக்கில் போடும் ஒரு பேட்டரியின் அழுத்தத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. அந்த எளிய மின்சாரம் வால்வுக்குள் இருக்கும் சிறு மின்காந்தத்தை உயிர்ப்பித்து, ஒரு வில்லின் விசையை எதிர்த்து வாயு வழியைத் திறந்தபடி பிடித்து வைக்கிறது. வால்வைத் திறக்கும் வலிமை அதற்கு இல்லை. மனிதக் கை குமிழை அழுத்தித் திறந்து கொடுத்த வழியை மூடாமல் தாங்கிப் பிடிக்கும் வலிமை மட்டுமே உண்டு. காற்றடித்தோ பால் பொங்கியோ சுடர் அணைந்தால் குச்சி குளிரும், மின்சாரம் வற்றும், காந்தம் பிடியை விடும், வில் வால்வை அடைத்துவிடும். சுடர் தான் இருக்கும் வரை தன் உணவுக்கான வழியைத் தானே திறந்து வைத்து, தான் இல்லாதபோது அவ்வழி அடைபடும்படி செய்கிறது.

இதில் அளவைநூலார் நன்கறிந்த ஒரு சிக்கல் ஒளிந்துள்ளது. அளவை என்பது அறிவு மெய்யென்று உறுதிப்படும் வழி, வடமொழியில் பிரமாணம். மணிமேகலைக் காப்பியத்தில் வஞ்சி மாநகரில் மணிமேகலை பல சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்கும் காதை அளவைவாதியின் கூற்றோடு தொடங்குகிறது. மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு என்பது இந்திய அளவைநூல்கள் அனைத்துக்கும் பொதுவான எடுத்துக்காட்டு. அதை நிறுவ இரண்டு துணைகள் வேண்டும். புகையும் நெருப்பும் சேர்ந்திருக்கும் அடுக்களை ஒன்று. நெருப்பும் இல்லாத, புகையும் இல்லாத நீர்நிலை மற்றொன்று. முதல் வகை உடன்பாட்டுத் தொடர்பை, அதாவது அந்வயத்தைக் காட்டுகிறது. இரண்டாவது எதிர்மறைத் தொடர்பை, அதாவது வெதிரேகத்தைக் காட்டுகிறது. உடன்பாடு மட்டும் போதாது என்பதற்கு நியாய நூலார் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டைக் காட்டுவார்கள். அதில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஆகவே புகையிலிருந்து நெருப்பை ஊகிக்கலாம். நெருப்பிலிருந்து புகையை ஊகிக்க முடியாது.

எரிவாயுக் கருவியை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் செய்வது உடன்பாட்டுச் சோதனை மட்டுமே. பற்றவைத்தார், எரிந்தது, ஆகவே நன்றாக இருக்கிறது. ஆனால் எரிகிறது என்பதிலிருந்து, அணைந்தால் அடையும் என்பது பெறப்படாது. வால்வின் இருக்கையில் தூசு படிந்து வில் முழுதாக இறங்காத கருவியும் அழகாகவே எரியும். யாரோ ஒருவர் தெர்மோகப்பிள் அடிக்கடி தகராறு செய்கிறதென்று வால்வை நிரந்தரமாகத் திறந்த நிலையில் முட்டுக்கொடுத்து வைத்த கருவியும் அழகாகவே எரியும். காப்பு என்ற குணம் காக்கப்படும் பொருள் இல்லாதபோதுதான் வெளிப்படுகிறது. இந்தியத் தத்துவப் பள்ளிகளுள் ஒன்றான வைசேடிகரின் பொருள் வரிசையில் அபாவம், அதாவது இன்மை, ஏழாவது பொருளாகச் சேர்க்கப்பட்டதும், பாட்ட மீமாஞ்சகர் ஒரு பொருள் காணப்படாமையே அதன் இன்மையை அறிவிக்கும் தனி அளவை என்று வாதிட்டதும் வெறும் சொல் விளையாட்டென்று நினைப்பவர்கள் ஒருமுறை பைலட் சோதனையை அருகிருந்து பார்க்க வேண்டும். சைவ சித்தாந்தத்தில் அருணந்தி சிவாசாரியார் அளவைகளைக் காட்சி, கருதல், உரை என மூன்றில் அடக்கினாலும், அபாவத்தைப் பெயர் சொல்லி எண்ணிக் காட்டிய பின்னரே அடக்குகிறார்.

சோதனையின் நடை இது. முதலில் வாயு வரும் குழாயின் வால்வை அடைத்து, கதவு சன்னல்களைத் திறந்து, எந்த மின் சுவிட்சையும் தொடாமல், தேங்கிய வாயு ஏதேனும் இருந்தால் கலைந்து போகும் வரை காத்திருக்க வேண்டும். கருவி நன்கு ஆறியபின் பைலட்டைக் கழற்றி அதன் ஜெட்டைப் பார்க்க வேண்டும். ஜெட் என்பது வாயு பீறிட்டு வரும் நுண்துளை. அடைப்பு எடுக்க ஊசியையோ கம்பியையோ அதில் நுழைப்பது பரவலான பிழை. துளை ஒரு மயிரிழை அகன்றாலும் வாயு அளவு மாறி, சுடரின் இயல்பே கெட்டுவிடும். மென்மையான பிரஷ்ஷும் அழுத்தக் காற்றும் போதும், போதாவிட்டால் புது ஜெட் போட வேண்டும். பல மாதம் ஓடாமல் கிடந்த கருவியில் காற்று நுழையும் துளைக்குள் சிலந்தி கூடு கட்டியிருப்பது வெகு சாதாரணம். காற்று குறைந்தால் சுடர் மஞ்சளாகித் துவளும், கரி படியும்; சரியான சுடர் நீலமாக, சீற்றமின்றி, தெர்மோகப்பிளின் மேல்முனையை ஒரு சென்டிமீட்டர் அளவுக்குப் போர்த்தியபடி நிற்கும். மீண்டும் பூட்டிய பின் வாயுவைத் திறந்து, இணைப்பு ஒவ்வொன்றின்மேலும் சோப்புக் கரைசலைத் தடவி, நுரை குமிழாக ஊதுகிறதா என்று பார்க்க வேண்டும். தீக்குச்சி கொளுத்திக் கசிவு தேடுவது உயிரைப் பணயம் வைக்கும் மடமை. பிறகு குமிழை அழுத்திப் பைலட்டை ஏற்றி, குச்சி சூடேறும் வரை அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை அழுத்தியபடியே இருந்து, பிறகு கையை எடுக்க வேண்டும். கையை எடுத்த பின்னும் சுடர் நின்றால் உடன்பாட்டுச் சோதனை முடிந்தது.

அடுத்து வருவதே இக்கட்டுரையின் பொருள். தொழிலாளி அந்தச் சுடரை அணைக்கிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார், காதைக் கொடுத்துக் காத்திருக்கிறார். வாயு மட்டும் மெல்ல இரைந்துகொண்டிருக்கும் அந்த நேரத்தில் செய்ய எதுவுமில்லை. ஒரு நிமிடத்தை ஒட்டி, சில கருவிகளில் இன்னும் முன்னதாகவே, வால்வுக்குள்ளிருந்து டக்கென்று ஓர் ஒலி வருகிறது. காந்தம் பிடியை விட்டு வில் இறங்கிய ஒலி. இரைச்சல் நிற்கிறது. அந்த ஒலி வராமல் இரைச்சல் தொடர்ந்தால், எவ்வளவு அழகாக எரிந்தாலும் அக்கருவியைப் பூட்டி ஒதுக்க வேண்டியதே முறை. அணைத்தல் என்ற தமிழ்ச் சொல்லுக்கு அவித்தல் என்றும் தழுவுதல் என்றும் இரு பொருள் இருப்பது தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் இந்த ஒரு நிமிடத்தில் அவ்விரு பொருளும் ஒரே செயலில் கூடிவிடுகின்றன.

எரிவாயுவின் இயல்பே அதற்கொரு அடையாளத்தை மனிதர் செய்து கொடுக்க வேண்டிய தேவையை உண்டாக்கியது. தருக்க நூலார் ஊகத்துக்கு அடிப்படையான அடையாளத்தை இலிங்கம் என்பர். புகை நெருப்பின் இலிங்கம். சமையல் வாயுவுக்கோ இயற்கை எரிவாயுவுக்கோ சொல்லத்தக்க மணமில்லை. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில், யாரும் அறியாமல் கசிந்து தேங்கிய வாயு வெடித்து ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்தனர். வாயுவில் கெட்ட நாற்றமுடைய மெர்காப்டனைக் கலக்க வேண்டும் என்ற விதி அந்தப் பிணங்களின் மேல் எழுந்தது. மணம் மண்ணின் தனிக்குணம், தீக்கு உரியது ஒளியும் சூடும் என்று வைசேடிகர் வகுத்தனர். தீக்கு இயல்பாக இல்லாத ஒரு குணத்தை, தீயாகப்போகும் பொருளில் சேர்த்துவைத்து, பற்றிக்கொள்ளும் அளவை எட்டுவதற்கு வெகு முன்பே மூக்குக்குத் தெரியும்படி செய்தது, பிறர் உயிர்மேல் கொண்ட அக்கறையால் மனிதர் படைத்த இலிங்கம்.

அந்த இலிங்கம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. சிலிண்டரில் வரும் வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரு மடங்கு கனமானது, கசிந்தால் தரையோரம் தவழும். கொச்சியிலிருந்து வாளையார் வழியாகக் கோவைக்குக் குழாயில் வரத் தொடங்கியிருக்கும் இயற்கை எரிவாயு காற்றின் கனத்தில் பாதியை ஒட்டியது, கசிந்தால் கூரையை நாடும். மூக்குக்கு இரண்டும் ஒன்றுபோலவே நாறும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது முதன்மை ஜெட்டை மாற்றிவிட்டு, பைலட்டின் ஜெட்டை அப்படியே விட்டுவிடுவது ஆபத்தான சோம்பல். 2025 ஜனவரி 3 அதிகாலையில் கோவை அவினாசி சாலை மேம்பாலத்தில் 18 டன் எரிவாயு ஏற்றி வந்த டேங்கர் லாரி கவிழ்ந்து கசிந்தபோது, சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டு, தீயணைப்பு வீரர்கள் தண்ணீரைப் பீய்ச்சியபடியே பல மணி நேரம் நின்று கசிவை அடக்கி லாரியை நிமிர்த்தினார்கள். மாநகரமே ஒரு பொறிக்கு அஞ்சிய அந்தக் காலையில் அணையாச் சுடரைவிட, எங்கும் எதுவும் பற்றாமல் இருப்பதே வேண்டப்பட்டது.

எந்த இலிங்கமும் இல்லாத கேடும் ஒன்று உண்டு. காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசரின் சுடர் போதிய ஆக்சிஜன் கிடைக்காமல் எரியும்போது பிறக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான இறுக்கத்தோடு பற்றிக்கொள்வதால், குளிக்கப் போனவர் மயக்கம் வருவதை உணரும் முன்னரே சாய்ந்துவிடுகிறார். சுடரின் மஞ்சள் நிறமும் சுவரில் படிந்த கரியும்தான் அதன் முன்னறிவிப்புகள். ஆண்டுக்கொருமுறை பிரித்துப் பார்க்கிற கண்ணுக்கே அவை தெரியும்.

இவ்வளவு ஐயமும் சோதனையும் நம்பிக்கைக்கு எதிரானவை என்று சமய நோக்கில் ஓர் எதிர்வாதம் எழக்கூடும். அதற்குக் கொங்கு நாட்டில் தீமிதி நடக்கும் குண்டங்களே விடை தருகின்றன. சத்தியமங்கலத்தை அடுத்த பண்ணாரி, கோபியை அடுத்த பாரியூர், ஆனைமலை மாசாணியம்மன் கோயில் ஆகிய இடங்களில் பெருந்திரளான மக்கள் தணலில் இறங்கி நடக்கிறார்கள். அம்மன்மேல் வைத்த நம்பிக்கையை உடம்பாலேயே மெய்ப்பிக்கும் நிகழ்ச்சி அது. ஆனால் இரவெல்லாம் எரிந்த விறகு தணலானதும் யாரும் உடனே இறங்கிவிடுவதில்லை. நீண்ட கழிகளால் தணலைத் தட்டிப் பரப்பி, எரியாமல் நிற்கும் கட்டைகளை விலக்கி, மேடுபள்ளமில்லாமல் மட்டமாக்கி, பூசை முடித்துப் பூசாரி முதலில் இறங்கிய பின்னரே மற்றவர்கள் இறங்குகிறார்கள். கழி பிடித்துத் தணலைச் சமன் செய்கிறவருக்கு நம்பிக்கை குறைவு என்று எந்தப் பக்தரும் சொல்லமாட்டார். பிறர் நம்பி இறங்கப் போகும் இடத்தை ஒழுங்கு செய்து வைப்பது அவர் செய்யும் வழிபாடு.

திருக்குறளின் தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரம் இதைவிடக் கடினமான முடிச்சை முன்வைக்கிறது. ஆராயாமல் ஒருவரை நம்புவது தீராத் துன்பம் தரும். ஆராய்ந்து நம்பியபின் அவரை ஐயுறுவதும் அதே துன்பத்தைத் தரும் என்பது அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளின் கருத்து. அப்படியானால் ஒருமுறை சோதித்துத் தேறிய வால்வை மறு ஆண்டு மீண்டும் சோதிப்பது வள்ளுவர் விலக்கிய ஐயமாகாதா? ஆகாது என்றே கொள்ள வேண்டும். காரணம் அவ்விரண்டு நம்பிக்கைகளும் வெவ்வேறு வகையின. நம்பப்பட்ட மனிதர் தன்மேல் வைக்கப்பட்ட நம்பிக்கையை அறிகிறார், அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்கிறார், தவறினால் அவர் நெஞ்சே அவரைச் சுடுகிறது. அத்தகையவரை ஓயாமல் வேவு பார்ப்பது அவருக்குள் இருக்கும் அந்தக் காவலைக் கொன்றுவிடும். வில்லுக்கும் காந்தத்துக்கும் நெஞ்சில்லை. தெர்மோகப்பிளின் முனை சூட்டில் தேய்கிறது, இணைப்பில் களிம்பேறுகிறது. நேற்றைய உண்மை நாளைக்குச் செல்லுபடியாகாத இடத்தில் நேற்றைய தெளிவைப் பிடித்துக்கொண்டிருப்பது நம்பிக்கையாகாது, அது மறதி. நியாய நூலார் தம் பதினாறு பொருள்களில் ஐயத்தை மூன்றாவதாக, அளவைக்கும் அளக்கப்படும் பொருளுக்கும் அடுத்தபடியாக வைத்தார்கள். ஆய்வு தொடங்குவதற்கான வாயில் அது.

முடிச்சின் மறுமுனை சோதிப்பவரைப் பற்றியது. வீட்டுக்காரர் வால்வைப் பிரித்துப் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. பயிற்சியில்லாதவர் கை வைக்கத்தக்க இடமன்று அது. அவர் நம்புவது கருவியைத் தொட்ட மனிதரை. அணைத்துப் பார்க்கும் அந்த ஒரு நிமிடத்தைத் தொழிலாளி விட்டுவிட்டால் அதை அறியக்கூடியவர் உலகில் அவரன்றி வேறு யாருமில்லை. இங்கே கொங்கின் சமண மரபு ஒரு கூரிய கருத்தைத் தருகிறது. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் பிறந்ததாகச் சொல்லப்படும் கொங்கு மண்ணில், பெருந்துறைக்கு அருகே விசயமங்கலத்தில் சந்திரப்பிரபர் கோயில் இன்றும் நிற்கிறது. சமண ஆசிரியர் உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் சொல்லும்போது, பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிருக்கு ஊறு செய்தல் என்று வகுக்கிறது. பிரமாதம் என்பது இன்று பேச்சுத் தமிழில் அருமை என்ற பொருளில் வழங்கினாலும், அச்சூத்திரத்தில் கவனமின்மையைக் குறிக்கும். பகையோ வெறுப்போ இல்லாமலேயே, கவனம் தவறியதாலேயே ஒருவர் இம்சைக்கு உரியவராகலாம். உரையாசிரியர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், கவனமின்றி நடப்பவர் எந்த உயிரும் சாகாதபோதும் தம் ஆன்மாவுக்கே இம்சை செய்துவிட்டார் என்பார்கள். சமணத் துறவிக்குரிய ஐந்து சமிதிகளில், அதாவது விழிப்பு ஒழுக்கங்களில், ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் பார்த்து எடுத்துப் பார்த்து வைக்கும் ஒழுக்கம் ஒன்று. மயிற்பீலியால் தரையைத் துடைத்துவிட்டுக் கமண்டலத்தை வைக்கும் துறவியின் கைக்கும், ஸ்பேனரைக் கீழே வைப்பதற்கு முன் இணைப்பில் மறுபடியும் சோப்பு நுரை தடவும் தொழிலாளியின் கைக்கும் நடுவே அறவியல் நோக்கில் இடைவெளி இல்லை. வெடிக்காமல் போன கருவி, சோதிக்காமல் விட்டவரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதில்லை.

கோவையின் பட்டறைகளில் ஆயுத பூசையன்று லேத்துக்கும் கம்ப்ரசருக்கும் ஸ்பேனர் செட்டுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு, பொரியும் சுண்டலும் படைத்து, எந்திரங்களுக்கு ஓய்வு தருகிறார்கள். பீளமேட்டிலும் கணபதியிலும் பெரும் ஆலை முதல் ஒற்றைக் கதவுப் பட்டறை வரை இந்த வழிபாடு மனமுருக நடக்கிறது, அதில் பொய் ஏதுமில்லை. ஆனால் குங்குமம் படும் இடமெல்லாம் வெளிப்புறம். பர்னரின் வயிற்றுக்குள் கரியேறி நிற்கும் தெர்மோகப்பிள் முனைக்குக் குங்குமம் எட்டாது. பிரஷ்ஷும் துணியும்தான் எட்டும். பூசைக்கு முந்தைய நாள் எந்திரத்தைப் பிரித்துத் துடைத்துப் பூட்டும் வழக்கம் எந்தப் பட்டறையில் உண்டோ, அங்கே பூசை ஒருநாள் முன்பாகவே தொடங்கிவிடுகிறது.

எரிவாயு தகன மேடையில் இந்த வினா தன் முழு எடையோடு வந்து நிற்கிறது. மகன் வைக்க வேண்டிய கொள்ளியின் இடத்தில் இன்று கற்பூரம் நிற்கிறது. உடலின் மேல் அதை ஏற்றி வைத்த பின், தள்ளுமேடை உள்ளே போகிறது, கதவு இறங்குகிறது, மெய்யான தீயை ஏற்றுவது பர்னர். பெரிய பர்னர்களில் பொதுவாகத் தெர்மோகப்பிளுக்குப் பதிலாகச் சுடரின் புறஊதா ஒளியை உணரும் ஒரு கண் காவல் இருக்கும். சுடரைக் காணாத நொடியிலேயே வாயுவை அடைக்கச் சொல்லும். பற்றவைப்பதற்கு முன் ப்ளோயர் ஓடி, அறைக்குள் தேங்கியிருக்கக்கூடிய வாயுவை முற்றிலும் வெளியேற்ற வேண்டும். அதன் பிறகே சிறு சுடர், அது நிலைபெற்ற பிறகே பெரிய சுடர். வெளியே உறவினர்கள் காத்திருக்கிறார்கள், வாய்க்கரிசி போட்ட கை இன்னும் காயவில்லை, அடுத்த ஊர்தி வாசலில் வந்து நிற்கிறது, யாரோ ஒருவர் இன்னும் ஏன் நேரமாகிறது என்று கேட்கிறார். மேடையை இயக்குபவர் ப்ளோயர் தன் நேரத்தை ஓடி முடிக்கும் வரை பொத்தானில் கை வைப்பதில்லை. மாலையில் கடைசி உடலும் சாம்பலாகி, சாம்பல் ஆறியபின், அவர் பர்னரின் முன் தனியாக நின்று சிறு சுடரை ஏற்றி, அணைத்து, வால்வு இறங்கும் ஒலிக்காகக் காதைக் கொடுத்துக் காத்திருக்கிறார்.